நாலு கை கேட்ட ஆவுடைத்தாய்

நடுவக்குளத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் கட்டின சுவர்கள் எத்தனையோ இருக்கின்றன, ஆனால் சுவரைக் கட்டிவிட்டு அதிலே ஒரு ஓட்டையும் விட்டு, அந்த ஓட்டைக்குள்ளே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியையும் உட்கார்த்தி வைத்தது தவசிமுத்துவும் செண்பகராஜும் மட்டும்தான், அதனால் இந்தக் கதையை ஓட்டையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

அவர்கள் அப்பா வெள்ளைப்பாண்டி இருந்த காலத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வீட்டு முன்கூடத்தையே கடையாக்கி, ஒரே ஒரு பெட்டியை வைத்து ரெண்டு பிள்ளைகளுக்கும் பிழைப்பு கொடுத்திருந்தார். காலையில் மூத்தவன் தவசிமுத்து கீபோர்டில் உட்கார்ந்தால் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் தொலைந்துபோன ரேஷன் கார்டுக்குமாக மனு அடிக்கிற சத்தம் ஓட்டுக்கூரையில் மழை விழுகிற மாதிரி கேட்கும். சாயங்காலம் இளையவன் செண்பகராஜ் விளையாட்டுக் கன்ட்ரோலரைச் செருகினால், அதுதான், ரெண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் திருகுகிற பிடி, பார்க்க நண்டு மாதிரி இருப்பதால் எங்கள் ஊரில் அதை நண்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அந்த நண்டைச் செருகினால் லாரி கிளீனரும் படித்துவிட்டு வேலை கிடைக்காதவனும் பந்தல்காரனும் வந்து உட்கார்ந்து, திரையில் பந்தை உதைத்து, காரை ஓட்டி, ஆளை அடித்து, ஊரே அதிரக் கத்துவார்கள். நண்டும் கீபோர்டும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்துத் துளையில் கிடக்கும். ஒன்றுக்கொன்று ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அப்பா போனார். அண்ணனைக் கேட்டால் கடைசித் தண்ணீர் ஊற்றத் தம்பி என்னைக் கூப்பிடவில்லை என்பார், தம்பியைக் கேட்டால் அதே தண்ணீரை அண்ணன் எனக்கு முந்திக்கொண்டு ஊற்றிவிட்டார் என்பான், இதில் எது நிஜம் என்று தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ச்சேர்ந்துவிட்டார். பாத்திரத்தைப் பிரித்தார்கள், பாயைப் பிரித்தார்கள், கிணற்றைக் காலைக்கும் மாலைக்குமாகப் பிரித்தார்கள், கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். பெட்டியை மட்டும் பிரிக்க முடியவில்லை. பங்கு பிரிக்க வந்த பெரியவர் ஒருவர் பிரித்தே தீருவேன் என்று ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தே விட்டார், அவரை எழுப்பிக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்து, கடைசியில் கீபோர்டு அண்ணனுக்கு, நண்டு தம்பிக்கு, பெட்டியும் திரையும் பொது என்று முடிவாகி, சுவரின் தெருப்பக்க முனையில் ஓட்டை விட்டு, பெட்டியை அதில் வைத்து, திரையைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். அண்ணன் பக்கமிருந்து ஒரு ஒயர் ஓட்டைக்குள் போகும், தம்பி பக்கமிருந்து ஒரு ஒயர் போகும். ஒருத்தர் பக்கத்து ஒயரை இன்னொருத்தர் எட்டித் தொட முடியாதபடி கொத்தனார் பார்த்துக் கட்டியிருந்தார்.

சுவர் காய்ந்த அன்றைக்கு ஆரம்பித்தது. கீபோர்டு செருகியிருந்தால் நண்டு செத்துக் கிடந்தது. கீபோர்டைத் துடைக்க ஒயரைப் பிடுங்கினால் அந்தக் கணமே நண்டு துள்ளி எழுந்தது, அப்புறம் கீபோர்டை என்ன செருகினாலும் ஒரு எழுத்து விழவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து ரிப்பேர் பார்க்கிற ஜெபசிங்கை வரவழைத்தார்கள்.

"கழட்டி மாட்டிப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டான் ஜெபசிங்.

"கழட்டுததும் மாட்டுததும் தவிர எங்களுக்கு வேற என்ன சோலி?" என்றார் தவசிமுத்து.

"வேற துளையில செருகிப் பாத்தீங்களா?"

"ஏன்வே, பெட்டியில உள்ள துளையெல்லாம் பாத்தாச்சு. இனி உம்ம காதுல உள்ள துளைதான் பாக்கி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செண்பகராஜ் குரல் கொடுத்தான்.

ஜெபசிங் உள்ளே இருந்த சாப்ட்வேரையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டான். வேறு கீபோர்டு, வேறு நண்டு கொண்டுவந்தான். கடைசியில் தன் கடையிலிருந்து புதுப் பெட்டி ஒன்றையே கொண்டுவந்து ஓட்டையில் வைத்தான். புதுப் பெட்டியும் ஓட்டைக்குள் போன நிமிஷத்திலிருந்து பழைய பெட்டி மாதிரியே நடந்துகொண்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எது முதல்ல தொடுதோ அதுக்குத்தான் பெட்டி உசுர் குடுக்கு. மத்ததை ஏன்னு கேக்கமாட்டேங்கு. ரெண்டையும் பிடுங்கிப் போட்டுட்டுப் பேசாம ஒரு நாள் இருங்க. சரியாப் போனாலும் போவும்."

"அவன் முதல்ல பிடுங்கட்டும்" என்றார் அண்ணன்.

"அவரு முதல்ல பிடுங்கட்டும்" என்றான் தம்பி.

கை போனது அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. தவசிமுத்து கண்ணாடியைத் துடைக்கப்போய்க் கால் தடுக்கி ஒயர் கழன்றுவிட, அந்தப் பக்கம் காத்துக்கொண்டே இருந்த நண்டுக்கு உயிர் வந்தது, அதே நேரம் தவசிமுத்துவின் ரெண்டு கையும் தோளிலிருந்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கிப் போயின. வலி இல்லை, மரத்துப்போகவில்லை, கிள்ளினால் தெரிந்தது, தூக்கத்தான் முடியவில்லை. அவர் மனைவி முப்பிடாதி ஓடிவந்து தைலம் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள். சாயங்காலம் செண்பகராஜ் டீ குடிக்கப் போனபோது லாரி கிளீனர் ஒருவன் விளையாடித் தோற்ற கோபத்தில் நண்டை வெடுக்கென்று இழுத்துவிட, இந்தப் பக்கம் கீபோர்டு விழித்தது, தவசிமுத்துவின் கை எழுந்து முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தது, டீக்கடையில் செண்பகராஜின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. அவன் குனிந்து பார்த்தான். கை ரெண்டும் கூடவே குனிந்து தொங்கின.

எங்கள் ஊருக்கு எதுவும் பழகிவிடும். பஸ் வராதது பழகியது, குளத்தில் தண்ணீர் இல்லாதது பழகியது, இதுவும் பழகியது. மனு அடிக்கப் போகிறவன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே "இன்னைக்குக் கை யாருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவான். மத்தியானம் வரை அண்ணனுக்கு, அதன்பிறகு தம்பிக்கு என்று ஊர் கூடிப் பேசி வைத்ததும், இவர் கொஞ்சம் பிந்திப் பிடுங்குவதும், அவன் மறுநாள் அதைவிடப் பிந்திப் பிடுங்குவதும், அதற்கு ஒருத்தருக்கொருத்தர் சுவர் மேலே ஏசுவதும் கோவில் மணி மாதிரி ஆகிவிட்டது, அந்த ஏச்சைக் கேட்டுத்தான் பலபேர் உலையே வைத்தார்கள். சலூன்காரர் கை இல்லாத நேரமாகப் பார்த்து வந்து முகம் வழிப்பார், அப்போதுதான் அசையாமல் உட்காருகிறார்கள் என்று சொல்வார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தும்போது "கையில்லா வீடு இறங்கு" என்பார். முப்பிடாதியும், செண்பகராஜின் மனைவி ரேணுகாவும் ஆளுக்கொரு செவ்வாய்க்கிழமை அம்மன் கோவிலுக்குப் போய் வெள்ளித் தகட்டில் அடித்த கை உருவை உண்டியலில் போட்டு, எம் புருஷனுக்குக் கை குடு தாயே என்று கும்பிடுவார்கள். இவள் கேட்டதைக் கொடுத்தால் அவளுக்கு இல்லை, அவள் கேட்டதைக் கொடுத்தால் இவளுக்கு இல்லை. அம்மன் என்ன செய்வாள், உண்டியலில் கை சேர்ந்துகொண்டே போனது.

கரண்ட் போனால் மட்டும் ரெண்டு பேருக்கும் கை வந்துவிடும். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்துவார்களே, முதல் தடவை அப்படி நின்றபோது பரவாயில்லை, இன்றைக்காவது ரெண்டு பேரும் கையோடு இருப்பார்கள் என்று ஊரே சந்தோஷப்பட்டது. கை வந்ததும் ரெண்டு பேரும் தெருவுக்கு வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து கரண்ட் நிற்கிற நாளென்றால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். கரண்ட் வருகிற நேரம் நெருங்கியதும் சண்டையை அப்படியே விட்டுவிட்டு ரெண்டு பேரும் உள்ளே ஓடி, ஒயரைக் கையில் பிடித்தபடி ஓட்டையருகில் குந்துவார்கள். யார் ஒயர் முந்தித் தொடுகிறதோ, கை அவருக்கு.

இவர்களோடு கூடப்பிறந்தவள் ஒருத்தி. தம்பிக்கு அக்கா, அண்ணனுக்குத் தங்கை, நடுவில் பிறந்த ஆவுடைத்தாய். புருஷன் இல்லாமல் தையல் மெஷினை மிதித்தே மகள் இசக்கிப்பிரியாவை வளர்த்து ஆளாக்கி, கடையநல்லூரில் நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணமும் பேசி முடித்திருந்தாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணை மணவறைக்கு நடக்கவிட மாட்டோம். வீட்டுப் படியிலிருந்து பந்தல் வரைக்கும் அவள் கால் தரையில் படக்கூடாது, தாய்மாமன் தூக்கிக்கொண்டு வரவேண்டும். மாமன் ஒருத்தன் என்றால் அவன் மட்டும் தூக்குவான். ரெண்டு மாமன் என்றால் ரெண்டு பேரும் மணிக்கட்டுக்கு மணிக்கட்டு பிடித்துக் கையைப் பின்னி நாற்காலி போடுவார்கள், பெண் அதிலே உட்கார்ந்து ரெண்டு கழுத்தையும் கட்டிக்கொண்டு வருவாள். ரெண்டு மாமன் இருந்து ஒருத்தன் மட்டும் தூக்கினால், பெண் வீடு உடைந்த வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்காமல் போன கதையெல்லாம் உண்டு.

ஆவுடைத்தாய் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"எண்ணே, எனக்குச் சீர் வேண்டாம், பட்டு வேண்டாம், பாத்திரம் வேண்டாம். எம் மகளுக்கு நாலு கை வேணும். ஒரு காலைப்பொழுதுக்கு."

"நான் மாட்டேன்னு சொன்னேனாம்மா? அவனைப் பிடுங்கச் சொல்லு. அவன் பிடுங்கினதும் நான் பிடுங்குதேன்."

சுவரைச் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, பிரியாவை நான் தோள்ல போட்டு வளத்தவன். தூக்கமாட்டேனா? அவரு பிடுங்கட்டும், அடுத்த நிமிஷம் பாரு."

"சரிடா. நான் ஓட்டைக்கு நேரா நிக்கேன். ஒரு கையில அவரு ஒயரு, ஒரு கையில உன் ஒயரு. நானே ஒண்ணாப் பிடுங்குதேன். போதுமா?"

செண்பகராஜ் அவள் கை ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "உனக்கு வலது கை வேகம்க்கா. வலது கையில யாரு ஒயரைப் பிடிப்ப?"

அவள் படியிறங்கி வந்துவிட்டாள். நேரே வீட்டுக்குப் போகவில்லை, லைன்மேன் சுடலைக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒயரைப் பிடுங்க யாரும் முந்தமாட்டார்கள், சரி, கரண்டே இல்லாத நேரத்தில் பிடுங்கினால் யாருக்கும் நஷ்டமில்லையே, ரெண்டு ஒயரும் வெளியே கிடந்துவிட்டால் அப்புறம் கரண்ட் வந்தாலும் ரெண்டு பேருக்கும் கை இருக்குமே, யாரும் திரும்பச் செருகாத வரைக்கும் இருக்குமே. இந்த யோசனையை அந்த ஊரில் அவ்வளவு பேர் இருந்தும் அவள்தான் யோசித்தாள், தேவை அவளுக்குத்தானே இருந்தது.

"கரண்டை நிறுத்துனா எம் பொழப்பு போயிருமே தாயி" என்றார் சுடலைக்கண்ணு.

"நீரு நிறுத்தலைன்னா எம் மக பொழப்பு போயிரும்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஒயருல அணில் விழுந்துட்டுன்னு சொல்லிக்கிடுதேன். அந்தப் பிள்ளை கால் பந்தலை மிதிக்கவரைக்கும்தான், பாத்துக்கோ."

விஷயம் தெரிந்து ஊர் முழுக்க ஒத்துழைத்தது. அன்றைக்கு மாவரைக்க வேண்டியவர்கள் முந்தின நாளே அரைத்துக்கொண்டார்கள், ஐஸ் விற்கிறவர் வெளியூர் போய்விட்டார், மைக் செட்காரர் மைக் இல்லாத கல்யாணத்துக்கும் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வைகாசி வெக்கையில் மின்விசிறி நின்றபோது ஒரு ஆள் முகம் சுளிக்கவில்லை. ஆவுடைத்தாய் முதலில் அண்ணன் வீட்டுக்குள் போய்ப் பிடுங்கிய ஒயரைத் தரையில் வைக்கச் சொல்லிப் பார்த்தாள், பிறகு தம்பி வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள், வெளியே வந்து "ரெண்டும் கீழ கிடக்கு" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

பட்டு வேட்டியில் ரெண்டு பேரும் வந்தார்கள். பெண் வீட்டுப் படியின் முன்னால் எதிரும் புதிருமாக நின்றார்கள். யார் முதலில் கை நீட்டுவது என்று கொஞ்ச நேரம் போயிற்று, மேளக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார், பிறகு யார் முந்தினார்கள் என்று தெரியாமல் நாலு கையும் ஒன்றாக எழுந்து மணிக்கட்டுக்கு மணிக்கட்டு கோத்துக்கொண்டன. தம்பியின் கட்டைவிரலில் நண்டு திருகித் திருகிக் காய்த்துப்போன இடம் அண்ணனுக்குத் தட்டுப்பட்டது. அண்ணனின் விரல்நுனிகள் எழுத்து அடித்து அடித்துத் தட்டையாகிப் போனது தம்பிக்குத் தட்டுப்பட்டது. "எண்ணே, கனமா இருப்பாளோ?" என்றான் செண்பகராஜ். சுவர் எழுந்த பிறகு அவன் ஏச்சில்லாமல் பேசிய முதல் பேச்சு அது. "நம்ம பிள்ளைதானல" என்றார் தவசிமுத்து.

இசக்கிப்பிரியா உட்கார்ந்தாள். ரெண்டு கழுத்தையும் கட்டிக்கொண்டாள். தூக்கினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள், ஆவுடைத்தாய் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, அந்த நாலு கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கல் கிடக்கு பாத்து, பள்ளம் கிடக்கு பாத்து என்று சொல்லிக்கொண்டே போனாள், அவள் கன்னத்தில் ஓடியதை அவள் துடைக்கவும் இல்லை, கரண்ட் இல்லாத அந்தத் தெருவில் மேளம் மட்டும் கேட்டது, எங்களில் பலபேர் அழுதோம், இனி சுவரை இடித்துவிடுவார்கள் என்றுகூட ஒருத்தர் சொன்னார், இடித்த கல்லை யார் எடுத்துக்கொள்வது என்று இன்னொருத்தர் பேசத் தொடங்கிவிட்டார்.

பாதித் தெரு வந்திருக்கும். தவசிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார்.

"ரேணுகாவை எங்கல?"

"இங்கதான் எங்கயாவது நிப்பா."

"இங்க எங்க? ஊரே இருக்கு, அவளைக் காணோம்." அவர் குரல் இறங்கியது. "வீட்டுல விட்டுட்டு வந்துருக்கியா? ஒயருக்குப் பக்கத்துல?"

செண்பகராஜ் அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தான். "மதினியை எங்கண்ணே? மதினியையும் காணோமே?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கையை விட்டது யார் என்று இன்றைக்கும் ஊரில் ரெண்டு கட்சி உண்டு, நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கோத்தபோது எப்படிக் கோத்தார்களோ அப்படியே விட்டார்கள். இசக்கிப்பிரியா நடுத்தெருவில் விழுந்தாள். ரெண்டு மாமன்மாரும் பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க ஓடினார்கள்.

முப்பிடாதியும் ரேணுகாவும் பந்தல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு ஆரத்தி எடுக்க ரெண்டு அத்தைமாரும் சேர்ந்து ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டு, கற்பூரம் காற்றில் அணையாமல் ஒருத்தி முந்தானையை இன்னொருத்தி மறைவு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

மாமன்மார் ஓடுவதைத் தூரத்துக் கம்பத்தடியிலிருந்து பார்த்த சுடலைக்கண்ணு, பெண்ணைப் பந்தலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார்கள் என்று நினைத்துக் கரண்டைப் போட்டுவிட்டார். அந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குந்தி, ஒயரை ஓட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டும் ஒன்றாகத் தொட்டன. முந்தினதென்றும் இல்லை, பிந்தினதென்றும் இல்லை. பெட்டி ரெண்டையும் ஏற்றுக்கொள்ளவில்லை. நாலு கையும் தொங்கின.

இங்கே தெருவில் ஆவுடைத்தாய் மகளைத் தூக்கப் போனாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது, பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்து, "ஐயையோ, கால் தரையில பட்டுட்டே" என்றாள்.

"முழுசும் பட்டுட்டு அத்தை" என்றாள் இசக்கிப்பிரியா. "எனக்குக் கால் இருக்கு." அம்மாவின் கையை விலக்கிவிட்டு எழுந்து, புழுதியைத் தட்டி, பந்தல் வரைக்கும் நடந்து போய், மணவறையில் உட்கார்ந்தாள்.

தாலி ஏறியது. அதில் குறையில்லை, மாப்பிள்ளை நல்ல பையன். ஆனால் பந்தி போடும் முன்னாலேயே மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "சபை நடுவுல பொண்ணைக் கீழ போட்டுட்டு ஓடின குடும்பம். எங்க வீட்டுக்கு வந்த பிள்ளையை நாங்க பாத்துக்கிடுவோம். மறுவீடுன்னு இந்த வாசலுக்கு அனுப்பமாட்டோம்" என்று சொல்லிவிட்டார். பெண்ணும் போனாள், வேனும் போனது, அம்மாவிடம் அழுது விடைபெற அவகாசம் கொடுத்தார்கள், அவள் அழவில்லை. சமைத்ததெல்லாம் அண்டா அண்டாவாக இருந்தது.

அண்ணன் வீட்டில் முப்பிடாதி ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தம்பி வீட்டில் ரேணுகா ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பிடுங்கிராதட்டி" என்று இவர் கத்தினார், "அவன் பொண்டாட்டியை முதல்ல பிடுங்கச் சொல்லு." "நீ பிடுங்குனா, அவருக்குல்லா கை வந்துரும்" என்று அவன் கத்தினான். காலையில் ஒரே தட்டைப் பிடித்திருந்த ரெண்டு பெண்களும் சுவருக்கு ரெண்டு பக்கமும் நின்றார்கள். ரெண்டு பேரும் பிடுங்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆவுடைத்தாய் ஒரு தலைவாழை இலையில் சோறும் சாம்பாரும் கூட்டும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். சுவர் முடிகிற முனையில், ரெண்டு வீட்டு வாசலும் தெரிகிற இடத்தில், தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாசலில் வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து பட்டினி. தலையைத் தூக்கவில்லை.

"நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேம்மா" என்றார் தவசிமுத்து.

"ஏசுக்கா. ஏசிரு" என்றான் செண்பகராஜ்.

அவள் ஏசவில்லை. சோற்றைப் பிசைந்தாள். நெய் ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, சின்ன வயதில் அம்மா பிசைவாளே, அப்படிப் பிசைந்தாள். ஒரு உருண்டை உருட்டி எடுத்தாள். ரெண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். வாயைத் திறந்தபடியே, அந்த உருண்டை எந்தப் பக்கம் போகிறது என்று, அண்ணன் தம்பியின் வாயையும் தம்பி அண்ணனின் வாயையும் பார்த்தார்கள்.

ஆவுடைத்தாய் ரெண்டு வாயையும் பார்த்தாள். பிறகு அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த உருண்டையையும் போட்டுக்கொண்டாள். அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவசரமில்லாமல், கூட்டு, பொரியல், பாயசம் என்று ஒன்றுவிடாமல் வழித்துச் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்தாள்.